எண்ணறிஞர் சிவசங்கரநாராயண பிள்ளை

கணிதத்தில் பெயர் பெற்ற தமிழர் யார் என்று கேட்டால் நம்மில் எல்லோரும் இராமானுசன் என்போம். அடுத்தவர் யார் என்று கேட்டால் விழிப்போம். இராமானுசன் 1920இல் மறைந்தார். அதற்குப் பின் எண் கணிதம் நம் நாட்டில் அணைந்துவிடவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எதிலும் பயிலாமல், நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் படித்து, சிதம்பரத்தில் இருந்துகொண்டே உலகக் கணித அறிஞர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மல்லாடிய ஒரு கணக்கின் பெரும்பகுதியை முடித்து வைத்தார் ஒருவர். அவர்தான் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகம் எஸ். எஸ். பிள்ளை என்று அறியும்.

அவர் வாழ்வை எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது ஊர்ப்பற்று. நான் பாறசாலைக்காரன். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலை களியிக்காவிளையைத் தாண்டியதும் எங்கள் ஊருக்குள் நுழைந்து நெய்யாற்றின்கரை நோக்கி ஓடுகிறது. பிள்ளை கல்லூரி மாணவராக இருந்த நாளில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே ரயில் இல்லை. அது 1979இல்தான் வந்தது. ஆகவே நாகர்கோவிலில் இன்டர்மீடியட் முடித்து, பி.ஏ. படிக்கப் புறப்பட்ட அந்த இளைஞர் எங்கள் ஊர்ச் சாலையில்தான் போயிருப்பார் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. இதற்குச் சான்று கேட்காதீர்கள், சாலையே சான்று.

இரண்டாவது காரணம் சற்று விந்தையானது. கணிப்பொறி கொண்டு இசை ஒலிகளை உண்டாக்கும் துறையில் நான் படித்து வருகிறேன். அங்கே முதற்பாடம் இசையன்று, இரைச்சல்! அந்த இரைச்சலின் இலக்கணத்தைத் தேடிப் போன இடத்தில் பிள்ளையின் பெயரைக் கண்டேன். வியப்பு அடங்க எனக்கு நாளாயிற்று.

பிள்ளை 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தார். தந்தை சுப்பையா பிள்ளை. தாய் கோமதி அம்மாள். குழந்தைக்கு ஓராண்டு நிறைவதற்குள்ளாகவே தாய் கண்மூடினார். உறவுக்கார மூதாட்டி ஒருவரின் துணையோடு தந்தையே பிள்ளையை வளர்த்தார். பள்ளிப்படிப்பு செங்கோட்டையில். அங்கே சாஸ்திரியார் என்று மட்டும் வரலாறு குறித்து வைத்திருக்கும் ஓர் ஆசிரியர் இருந்தார். சிறுவனின் கணக்குத் திறத்தை முதலில் கண்டவர் அவரே.

பள்ளி இறுதியாண்டில் தந்தையும் போய்விட்டார். தாயும் இல்லை, தந்தையும் இல்லை, பொருளும் இல்லை. அத்தோடு படிப்பு நின்றிருக்க வேண்டும்; அக்காலத்தில் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் நின்றது. சாஸ்திரியார் நிற்க விடவில்லை. தம் சொற்பச் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்து மாணவனை மேலே படிக்க வைத்தார். அந்த ஆசிரியரின் முழுப்பெயர் கூட நமக்கு எட்டவில்லையே என்று எண்ணும்போது மனம் சங்கடப்படுகிறது. பெரிய பல்கலைக்கழகங்கள் அறிஞர்களை உருவாக்குகின்றன என்கிறோம். இந்த அறிஞரை உருவாக்கியது ஒரு பள்ளி ஆசிரியரின் மாதச் சம்பளத்தில் விழுந்த துண்டு.

நாகர்கோவில் ஸ்காட் கிறித்துவக் கல்லூரியில் இன்டர்மீடியட். பின்பு உதவித்தொகை பெற்றுத் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. செங்கோட்டை, நாகர்கோவில், திருவனந்தபுரம் ஆகிய மூன்றும் அன்று ஒரே திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1ஆம் நாள் கோடு கிழித்தபோது முதல் இரண்டும் தமிழகத்திலும், மூன்றாவது கேரளத்திலும் சேர்ந்தன. அந்தக் கோட்டுக்கு வடக்கே ஒட்டிக்கொண்டு நின்றது பாறசாலை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கடைத்தெருவில் இரண்டும் கலந்தது என்று வளர்ந்த எங்களுக்குப் பிள்ளையின் படிப்பு நடந்த வழி முழுவதும் சொந்த வழியாகவே தெரிகிறது. இரு மாநிலங்களும் அவரை எங்களவர் என்று சொல்லலாம். இரண்டுமே உரக்கச் சொல்லவில்லை என்பது வேறு கதை.

1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவரானார். அங்கே அவருக்கு வாய்த்த வழிகாட்டி பேராசிரியர் கே. ஆனந்தராவ். கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்றவர். இராமானுசன் இருந்த காலத்தில் அங்கே இருந்தவர். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அவ்வாண்டே பிள்ளை அங்கு விரிவுரையாளரானார். சிதம்பரத்தில் கழித்த பன்னிரண்டு ஆண்டுகளே அவர் வாழ்வின் பொற்காலம். கணிதத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டம் பெற்ற முதல்வரும் அவரே.

அவருக்குப் புகழ் தந்த கணக்கைச் சொல்லாமல் போக முடியாது. 1770இல் வாரிங் என்ற ஆங்கிலேயர் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். ஒன்பது கனங்களின் கூட்டலாக எழுதலாம். நான்காம் படி என்றால் பத்தொன்பது போதும். இப்படியே மேலே போகலாம் என்றார். நிறுவவில்லை. ஒவ்வொரு படிக்கும் ஏதோ ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை போதும் என்பதை 1909இல் ஹில்பர்ட் நிறுவினார். அது எத்தனை என்பதுதான் கேள்வியாக நின்றது. 1936இல் பிள்ளை ஏழாம் படி முதல் மேலே உள்ளவற்றுக்கு ஒரு நிபந்தனையோடு விடை கண்டார். அமெரிக்காவில் டிக்சனும் தனியாக அதே முடிவுக்கு அக்காலத்திலேயே வந்து சேர்ந்தார். ஆறாம் படி முரண்டு பிடித்தது. அதற்கு 73 போதும் என்று 1940இல் பிள்ளை காட்டினார்.

ஏன் 73? நண்பர்களே, காகிதமும் பென்சிலும் எடுங்கள். இரண்டின் ஆறாம் படி 64. மூன்றின் ஆறாம் படி 729. இப்போது 703 என்ற எண்ணைப் பாருங்கள். 729 பெரிது, பயன்படாது. பத்து 64கள் சேர்ந்தால் 640. மீதி 63ஐயும் ஒன்று ஒன்றாகத்தான் அடுக்க வேண்டும். பத்தும் அறுபத்து மூன்றும் எழுபத்து மூன்று. ஆகவே 73க்குக் குறைத்தால் 703 தவித்துப் போகும். இது வரை பள்ளிச் சிறுவனும் வருவான். உலகில் உள்ள எந்த எண்ணுக்கும் 73க்கு மேல் தேவைப்படாது என்று காட்டுவதுதான் மலை. அந்த மலையை ஏறியவர் பிள்ளை.

இனி என் கதைக்கு வருகிறேன். அதாவது, இரைச்சலுக்கு.

எங்கள் வீட்டு வானொலியில் திருவனந்தபுரம் நிலையத்தை விட்டு முள்ளைத் திருப்பினால் திருநெல்வேலி வரும் வரை ஒரு சீற்றம் கேட்கும். அடைமழை ஓட்டுக்கூரையில் விழுவது போன்ற ஒலி. இசையில் இதற்கு என்ன வேலை என்பீர்கள். புல்லாங்குழலில் சுரத்தோடு சேர்ந்து வரும் மூச்சும், தாளத்தட்டு மோதும் ஓசையும், நாம் பேசும் சகரத்தின் சீறலும் இந்த இனமே. இரைச்சல் இல்லாமல் செய்த குழலோசை பிணம் போல் இருக்கும். இன்னும் ஒன்று: 1983இல் கார்ப்ளஸ், ஸ்ட்ராங் என்ற இருவர் வெளியிட்ட முறைப்படி, ஒரு கணநேர இரைச்சலை எடுத்து, அதையே சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்த எண்களின் சராசரியை எடுத்துக் கொண்டே வந்தால், மீட்டிய தந்தியின் நாதம் எழுகிறது. இரைச்சலிலிருந்து வீணை! முதன்முதல் கேட்டபோது நான் ஒலிபெருக்கியைத்தான் சந்தேகித்தேன்.

கணிப்பொறிக்கு ஒலி என்பது எண்களின் வரிசை. குறுந்தகட்டில் ஒரு நொடிக்கு 44,100 எண்கள். ஒவ்வோர் எண்ணும் ஒலிபெருக்கியின் சவ்வு எவ்வளவு முன்னே வர வேண்டும், எவ்வளவு பின்னே போக வேண்டும் என்று சொல்லும். இரைச்சல் வேண்டுமானால் அந்த எண்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், தாயக்கட்டை உருட்டியது போல வர வேண்டும். ஆனால் கணிப்பொறி தாயம் ஆடாது. சொன்னதையே சொன்னபடி செய்யும் இயந்திரம் அது. விதிப்படி நடக்கும் ஒன்றைக் கொண்டு விதியற்றது போன்ற வரிசையைப் பெறுவது எப்படி?

0 முதல் 9 வரை பத்து இலக்கங்களையும் சமமாகப் பயன்படுத்தினால் போதாதா என்று ஒருவர் கேட்கலாம். 0123456789 என்று திரும்பத் திரும்ப எழுதுவோம். ஒவ்வோர் இலக்கமும் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. இதை ஒலிபெருக்கிக்குக் கொடுத்தால் என்ன கேட்கும்? இரைச்சல் கேட்காது. நொடிக்கு 4,410 முறை திரும்பும் ஒரே கீச்சுக் குரல் கேட்கும். எங்கே தவறு? அதே வரிசையை இரண்டிரண்டு இலக்கமாக வெட்டிப் பாருங்கள்: 01, 23, 45, 67, 89. நூறு சோடிகள் வர வேண்டிய இடத்தில் ஐந்து மட்டுமே வருகின்றன. தனியிலக்கத்தில் நேர்மை, சோடியில் மோசடி!

ஒற்றை இலக்கம், சோடி, மும்மை என்று எவ்வளவு நீளமான துண்டை எடுத்தாலும் எல்லாத் துண்டும் சம பங்கு பெறும் எண்ணை நார்மல் எண் என்பர். 1909இல் பிரெஞ்சு அறிஞர் போரல் வகுத்த கருத்து இது. அவர் விதித்த சோதனை கடுமையானது. எண்ணை ஒன்று ஒன்றாக, இரண்டிரண்டாக, மும்மூன்றாக வெட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. ஓரிலக்கம் தள்ளி நின்று மீண்டும் வெட்ட வேண்டும். ஈரிலக்கம் தள்ளி நின்று மீண்டும். இப்படியே முடிவின்றி. 1940இல் பிள்ளை வெளியிட்ட ஆராய்ச்சி, தள்ளி நின்று வெட்டும் வேலை வேண்டாத வேலை என்று காட்டியது. தொடக்கத்திலிருந்தே ஒன்று, இரண்டு, மூன்று என எல்லா நீளத்துக்கும் வெட்டிப் பார்த்து, எல்லாம் சம பங்கு என்றால் மற்றவை தாமே சரியாக இருக்கும். பெரிய சோதனையின் ஒரு பாதியை அவர் உதிர்த்துவிட்டார். இன்று இத்துறை நூல்களில் அந்த முடிவு அவர் பெயரோடு வருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். நார்மல் எண் எல்லாம் நல்ல இரைச்சல் ஆகிவிடாது. 1933இல் கேம்பிரிட்ஜ் மாணவர் சாம்பர்நவுன் 0.123456789101112 என்று எண்களை வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால் கிடைப்பது நார்மல் எண் என்று நிறுவினார். ஆறிலக்க எண்கள் வரும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எண்ணும் முந்தையதை விட ஒன்றே கூடியது. ஆகவே முன்னிலக்கங்கள் மாறாமல் ஆறு இலக்கத்துக்கு ஒருமுறை திரும்ப வரும்; நொடிக்கு 7,350 என்ற சுருதி எழும்; அது ஏறத்தாழ இரண்டு நிமிடம் நீடிக்கும். முடிவிலியில் நேர்மை இருந்து பயன் என்ன? காது முடிவிலி வரை காத்திராது. பிள்ளை தந்தது இலக்கணம், சமையற்குறிப்பு அன்று.

சமையற்குறிப்பு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1949 செப்டம்பரில் ஹார்வர்டில் நடந்த கணிப்பொறி மாநாட்டில் டி. எச். லேமர் ஒரு வழி சொன்னார். ஓர் எண்ணை எடு. குறித்த எண்ணால் பெருக்கு. வேறொரு பெரிய எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள். அந்த மீதியை மீண்டும் பெருக்கு. அவ்வளவே. மீதிகள் தாயம் உருட்டியது போல் வரும். 1957இல் பெல் ஆய்வகத்தில் மாக்ஸ் மாத்யூஸ் கணிப்பொறியைப் பாட வைத்த பிறகு, இத்தகைய வரிசைகள் ஒலிக்கூடத்துக்குள்ளும் வந்து சேர்ந்தன.

ஆனால் எதனால் பெருக்குவது? 7ஐ வகுக்கும் எண்ணாகக் கொள்வோம். 3ஆல் பெருக்கிக்கொண்டே போனால் 1, 3, 2, 6, 4, 5 என்று ஆறு எண்களும் வந்த பிறகே 1 திரும்பும். 2ஆல் பெருக்கினால் 1, 2, 4, உடனே 1. மூன்று எண் காணாமற் போயின. 3ஐப் போல எல்லா எண்ணையும் சுற்றிவரும் பெருக்கியைக் கணிதர் பிரிமிட்டிவ் ரூட் என்பர். இரைச்சலுக்கு இது உயிர். சுற்று சிறிதானால் காது அதைப் பிடித்துவிடும். 441 எண்ணுக்கு ஒருமுறை திரும்பினால் நொடிக்கு 100 அதிர்வுள்ள சுருதியாகவே கேட்கும். புகழ்பெற்ற ஒரு முறையில் வகுக்கும் பகா எண் 2147483647. பெருக்கி 16807, அதாவது ஏழின் ஐந்தாம் படி. அதன் சுற்று முடியப் பதின்மூன்றரை மணி நேரம் ஆகும். காலையில் போட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் கேட்டுக்கொண்டிருக்கலாம், பொறுமை இருந்தால்.

இந்த பிரிமிட்டிவ் ரூட்டைப் பற்றியும் பிள்ளை எழுதியிருக்கிறார்! 1944இல் வந்த அக்கட்டுரையின் கேள்வி, ஒரு பகா எண்ணுக்குரிய மிகச் சிறிய பிரிமிட்டிவ் ரூட் எவ்வளவு சிறியதாக இருக்கும் என்பது. இரண்டு, மூன்று, ஐந்து என்று தொடக்கத்திலேயே எப்போதும் கிடைத்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது, எவ்வளவு பெரிய வரம்பு வைத்தாலும் அதைத் தாண்டிப் போகும் பகா எண்கள் முடிவின்றி உண்டு, அந்தத் தாண்டல் இன்ன வேகத்திலாவது வளரும் என்று அவர் காட்டினார்.

பிள்ளை இசைக்கருவி செய்ய நினைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. மின்னணு ஒலி அவர் கனவிலும் வந்திராது. எண்ணின் அழகுக்காகவே எண்ணை ஆராய்ந்தவர். எங்கள் ஊரில் கணிதம் எடுத்துப் படிக்கப் போகிறேன் என்று சொன்னால், படித்து என்ன வேலை கிடைக்கும் என்றுதான் முதற்கேள்வி. கேட்பவர்கள் மேல் குறை இல்லை; அவர்கள் கவலை அவர்களுக்கு. ஆயினும் 1940இல் சிதம்பரத்தில் ஒருவர் எந்த வேலையையும் எண்ணாமல் போட்ட கணக்கு, இன்று என் மேசை மேல் மழையாகப் பெய்கிறது.

1941இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மாணவராக நடமாடிய நகருக்கு அறிஞராகத் திரும்பினார் என்றாலும் ஓராண்டுதான் இருந்தார். 1942இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட படிகளில் அமைந்த எண்களுக்கு இடையே உள்ள இடைவெளி பற்றி அவர் சொன்ன ஊகம் இன்றும் பிள்ளை ஊகம் என்றே வழங்குகிறது, இன்றும் நிறுவப்படவில்லை. அடுத்தடுத்த எண்கள் பதினாறு வரை எடுத்தால், மற்ற எதனோடும் பொது வகுத்தி இல்லாத ஒன்று அவற்றுள் இருந்தே தீரும். பதினேழு எடுத்தால் அந்த உறுதி போய்விடும் என்பதும் அவர் கண்டதே. 2184 முதல் 2200 வரை சோதித்துப் பாருங்கள். விடுதியில் ஒரு மழைநாள் கழியும்.

1950இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிலையம் ஓராண்டு வந்து தங்குமாறு அவரை அழைத்தது. அவ்வாண்டே ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராளராகவும் அவர் செல்வதாக ஏற்பாடு. லேமர் தம் பெருக்கல் வழியைச் சொல்லி ஓராண்டுதான் ஆகியிருந்தது, அதே ஹார்வர்டில். பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்திருந்தால், பிரிமிட்டிவ் ரூட்டை அறிந்த கையும் அதைத் தேடிக்கொண்டிருந்த இயந்திரமும் ஓரிடத்தில் சந்தித்திருக்குமோ? வீண் ஆசைதான். ஆனாலும் விட மனம் வரவில்லை.

அவர் ஏறிய விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ வழியாக நியூயார்க் செல்வது. 1950 ஆகஸ்டு 31ஆம் நாள் கெய்ரோவிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் இயந்திரம் ஒன்றில் தீப்பிடித்தது. திரும்பி இறங்க முயன்று பாலைவனத்தில் விழுந்தது. ஐம்பத்தைந்து பேரும் இறந்தனர். சண்டிகர் நகரை அமைக்கத் திட்டம் வரைந்துகொண்டிருந்த போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் நோவிட்ஸ்கியும் அவர்களுள் ஒருவர். பிள்ளைக்கு வயது நாற்பத்தொன்பது.

எழுபதுக்கு மேற்பட்ட அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல இதழ்களில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தொகுத்து நூலாக்க அறுபது ஆண்டுகள் ஆயின. 2010இல் ஆர். பாலசுப்ரமணியனும் ஆர். தங்கதுரையும் பதிப்பித்து, இராமானுசன் கணிதக் கழகம் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. பிள்ளையின் காலத்தில் முடியாமல் நின்ற நான்காம் படிக் கணக்கை, பத்தொன்பது போதும் என்று 1986இல் பிரெஞ்சு அறிஞர் இருவரோடு சேர்ந்து முடித்தவரும் அதே பாலசுப்ரமணியனே. நார்மல் எண்களின் பக்கம் இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது. இரண்டின் வர்க்க மூலத்தை எத்தனையோ கோடி இலக்கங்கள் வரை கணிப்பொறி எழுதிவிட்டது. அது நார்மல் எண்தானா என்று இன்று வரை எவரும் நிறுவவில்லை.